கட்சுரா அரண்மனைத் தோட்டம்: வீட்டுக்குள் விடமாட்டார்களாம், போகலாமா?

வைகைக்கரை · நவம்பர் 2, இரவு 9.14

வணக்கம் நண்பர்களே. இந்த மாதம் மூன்றாம் வாரம் அப்பாவை அழைத்துக்கொண்டு ஜப்பான் போகிறேன். கியோட்டோவில் நான்கு நாள் தங்கல். அப்பாவுக்கு 69 வயது, பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரியில் படிக்கும்போது ஏதோ ஒரு பத்திரிகையில் கட்சுரா ரிக்யூ என்கிற அரச குடும்பத்து மாளிகையின் படத்தைப் பார்த்தாராம். மூங்கில் மேடை, அதற்கு அப்பால் குளம். ஜப்பான் போகலாம் என்று நான் சொன்னபோது அதைத் தவிர வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

இணையத்தில் விண்ணப்பித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலைக்கு இடமும் கிடைத்துவிட்டது. இப்போது எனக்குத்தான் குழப்பம். ஆளுக்கு 1,000 யென். ஒரு மணி நேரம். வழிகாட்டியோடு குழுவாகத்தான் போகவேண்டும். கட்டடத்துக்குள் காலே வைக்க முடியாதாம். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், ஊர் நடுவிலேயே பெரிய அரண்மனை இருக்கிறது, இலவசம், முன்பதிவும் வேண்டாம், அதைப் பார்த்தால் போதும் என்கிறார்.

இரண்டு கேள்வி. உள்ளே விடாத வீட்டை வெளியில் நின்று பார்த்தால் என்ன கிடைக்கும்? பாதை முழுக்கக் கல் என்கிறார்களே, இடது முழங்காலில் வலி உள்ளவர் நடக்க முடியுமா?

ஒசாகாவாசி · நவம்பர் 2, இரவு 11.02

தயவுசெய்து ரத்து செய்யாதீர்கள். பதினொரு வருடமாக இங்கே இருக்கிறேன், கட்சுராவுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு பருவம்.

முதலில் நடைமுறை. கியோட்டோ நிலையத்திலிருந்து 33ஆம் எண் நகரப் பேருந்து. கட்சுரா ரிக்யூ நிறுத்தத்தில் இறங்கினால் எட்டு நிமிட நடை. ஹான்கியூ ரயிலில் வந்தால் கட்சுரா நிலையத்திலிருந்து இருபது நிமிடம் நடக்கவேண்டும், அப்பாவுக்காகப் பேருந்தே நல்லது. பாஸ்போர்ட்டை அசலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் பார்ப்பார்கள்.

நடை மொத்தம் ஒரு கிலோமீட்டர் இருக்கும். தூரம் பெரிதில்லை, தரைதான் கவனிக்க வேண்டியது. மிதிகல் ஒவ்வொன்றும் ஒரு உயரம், ஒரு அகலம். ஒரு சிறிய மேட்டில் படி ஏறவேண்டும். குளத்தின் ஓரம் ஒரே நீளக் கல்லால் ஆன பாலம் ஒன்று உண்டு, கைப்பிடி கிடையாது. தட்டையான ரப்பர் அடிச் செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். குழுவின் கடைசியில் நடங்கள். பின்னால் ஒரு காவலர் வருவார். நான் போன நான்கு முறையும் அவர்கள் பொறுமையாகத்தான் வந்தார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. மிதிகல்லில் நடக்கும்போது கண் தரையில்தான் இருக்கும், வேறு வழியில்லை. திடீரென்று ஒரு கல் அகலமாக வரும். கால் தானாக நிற்கும், தலை நிமிரும். அந்த இடத்தில் நிமிர்ந்தால் எதிரே என்ன தெரியவேண்டும் என்று நானூறு வருடத்துக்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். அடுத்த திருப்பத்தில் அது மறைந்துவிடும். இது வீட்டுக்குள் உட்கார்ந்தால் கிடைக்காது. நடந்தால்தான் கிடைக்கும்.

ஊர் நடுவில் உள்ள பேரரசர் அரண்மனையையும் பாருங்கள், அது வேறு ரகம். 1854இல் தீப்பிடித்து எரிந்து அடுத்த வருடம் திரும்பக் கட்டியது. அரசாட்சியின் சடங்குக்கான இடம், பெரிய முற்றம், பெரிய கூரை. கட்சுரா ஒரு இளவரசர் நிலாப் பார்க்கக் கட்டிக்கொண்ட இடம். ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைச் சொல்ல முடியாது.

நெடுவழி · நவம்பர் 3, காலை 7.40

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், ஒசாகாவாசி அண்ணா மன்னிக்கவும். கட்சுராவையும் ஷுகாகுயின் என்ற இன்னொரு அரச குடும்பத்து மாளிகையையும் பார்த்தேன், என் மனம் ஷுகாகுயினில்தான் தங்கிவிட்டது.

பதவியைத் துறந்த கோமிசுனோ பேரரசர் 1650களில் ஊரின் வடகிழக்கு மலையடிவாரத்தில் அமைத்த இடம் அது. 54 ஹெக்டேர். கீழே, நடுவில், மேலே என்று மூன்று தோட்டம், இடையில் வயல். அந்த வயல்களில் இன்றும் விவசாயிகள் பயிர் செய்கிறார்கள். மேல் தோட்டத்துக்கு ஏறும்போது இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் செடிவேலி, ஒன்றுமே தெரியாது. உச்சியில் ரின்உன்தெய் என்ற சின்ன வீட்டின் வாசலில் திரும்பினால் காலடியில் ஒரு ஏரி, அதற்கு மேல் மலைகள், கீழே நகரம். என் வாழ்நாளில் அப்படி ஒரு திறப்பைப் பார்த்ததில்லை.

உங்கள் அப்பா பொதுப்பணித்துறை என்றதும் இதுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஏரி இயற்கையானதல்ல. மலை ஓடையை மறித்து அணை கட்டித் தேக்கியது. அணையின் கற்சுவர் கண்ணில் படாதபடி பலவகைச் செடிகளைக் கலந்து நட்டு, மொத்தத்தையும் ஒரே பச்சைச் சரிவாக வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

கட்சுராவில் எனக்கு மூச்சு முட்டியது. ஒவ்வொரு கல்லும் இங்கே நில், இதைப் பார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆனால் ஒன்று, ஷுகாகுயின் நடை மூன்று கிலோமீட்டர், ஏற்றமும் உண்டு. முழங்கால் வலியோடு போவது சிரமம். அந்தக் காரணத்துக்காக மட்டும் கட்சுராவுக்குப் போங்கள்.

தச்சன்மகன் · நவம்பர் 3, மதியம் 1.15

கட்டடக்கலை படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் அப்பா பார்த்த படம் அநேகமாகக் கருப்பு வெள்ளையாக இருந்திருக்கும். அந்தப் படங்களுக்கே ஒரு கதை உண்டு.

ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் வெளியேறிய ப்ரூனோ டவுட் என்ற கட்டடக் கலைஞர் 1933 மே 3 அன்று ஜப்பானில் வந்து இறங்கினார். மறுநாள் அவருடைய 53ஆவது பிறந்தநாள். அன்றைக்கே அவரைக் கட்சுராவுக்கு அழைத்துப் போனார்கள். நவீன கட்டடக்கலை தேடிக்கொண்டிருந்த எளிமை இங்கே ஏற்கெனவே இருக்கிறது என்று அவர் எழுதத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் மேற்கு நாடுகளில் கட்சுரா பேசப்பட்டது. 1954இல் வால்டர் குரோப்பியஸ் என்ற இன்னொரு ஜெர்மன் கட்டடக் கலைஞர் வந்தார். அதே காலத்தில் யசுஹிரோ இஷிமோட்டோ என்ற புகைப்படக் கலைஞர் மாளிகையை அங்குலம் அங்குலமாகப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்ஸோ டாங்கேயும் குரோப்பியஸும் எழுதிய கட்டுரைகளோடு 1960இல் புத்தகமாக வந்தன.

அந்தப் புத்தகத்தில் பல படங்களில் கூரையே இருக்காது. வெள்ளைத் தாள், கறுத்த மரச் சட்டம், நேர்க்கோடு, செவ்வகம். வளைந்த பெரிய கூரையை விளிம்போடு வெட்டிவிட்டார்கள். என் தலைமுறை மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் கட்சுராவை மனதில் வரைந்துகொண்டோம். நேரில் போனபோது எனக்கு அதிர்ச்சி. கூரை கனமாக, மெல்லிய மரச் சீவல்களை அடுக்கி, பறவைச் சிறகு போல இறங்குகிறது. ஷோகின்தெய் என்ற தேநீர் வீட்டின் அறைக்கதவுகளில் நீலமும் வெள்ளையும் சதுரங்கக் கட்டமாக ஓடுகிறது. மாளிகையில் பின்னால் சேர்த்துக் கட்டிய புதிய மாளிகை என்ற பகுதியில் பேரரசர் வந்தால் உட்காரும் இடத்தின் பக்கத்தில் கருங்காலி உள்படப் பலவகை அரிய மரங்களால் செய்த அலமாரி இருக்கிறது. அதைச் செய்தவனுக்கு அலங்காரம் பிடிக்காது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே இஷிமோட்டோ 1980களின் தொடக்கத்தில், மாளிகையைப் பிரித்துப் பழுதுபார்த்த பிறகு, திரும்பவும் வந்து வண்ணத்தில் எடுத்தார். அந்த முறை கூரை இருக்கிறது, நிறம் இருக்கிறது. தான் முன்பு பார்த்ததை அவரே மறுபடி பார்த்திருக்கிறார். அதனால் நெடுவழி, உங்கள் மூச்சுமுட்டல் எனக்குப் புரிகிறது, ஆனால் ஒரே ஒரு பார்வையில் முடிவு கட்டவேண்டாம்.

நெடுவழி · நவம்பர் 3, மதியம் 2.05

அலமாரி, அறைக்கதவு எல்லாம் சரி. அதில் எத்தனை சுற்றுப்பயணிகளின் கண்ணுக்குப் படும்? அலமாரி உள்ளே இருக்கிறது. நாம் வெளியே நிற்கிறோம். புத்தகத்தில் பார்த்தவர்களுக்குத்தான் அது கட்சுரா. வைகைக்கரை கேட்டது அதுதானே?

தச்சன்மகன் · நவம்பர் 3, மதியம் 2.31

அலமாரி கண்ணில் படாது, ஒப்புக்கொள்கிறேன். நீலக் கட்டம் படும். ஷோகின்தெய் பக்கம் போகும்போது அறை திறந்திருக்கும், தாழ்வாரத்தின் கீழ் நின்றே பார்க்கலாம். கெப்பாரோ என்ற இன்னொரு தேநீர் வீட்டில் தலையைத் தூக்கிப் பாருங்கள். கூரையின் உட்புறம் கவிழ்த்த படகு மாதிரி இருக்கும். ஷோயிகென் என்ற தேநீர் வீட்டில் வாசலுக்கு மேலே ஆறு வட்டச் சாளரம் வரிசையாக. இவை எல்லாம் வெளியிலிருந்தே தெரிபவை.

ஏடுதேடி · நவம்பர் 3, இரவு 10.20

கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். இதைக் கட்டியவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை, எனவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஹச்சிஜோ தொஷிஹிதோ. 1579இல் பிறந்தவர். கோயோசெய் பேரரசரின் தம்பி. நாட்டையே கையில் வைத்திருந்த ஹிதெயோஷிக்குப் பிள்ளை இல்லை, அதனால் இந்தச் சிறுவனைத் தத்தெடுத்தார். கொஞ்ச நாளில் ஹிதெயோஷிக்குச் சொந்தப் பிள்ளை பிறந்தது. தத்து முறிந்தது. பையனுக்குத் தனியாக ஒரு இளவரசுக் குடும்பத்தை அமைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பத்து வயது வாக்கில் ஆட்சியின் வாசல்வரை போய்த் திரும்பியவர்.

பிறகு அவர் பிடித்துக்கொண்டது கவிதையை. 905 வாக்கில் தொகுக்கப்பட்ட கொகின்ஷூ என்ற பாடல் திரட்டுக்கு, குரு சீடனுக்கு மட்டும் வாய்மொழியாகச் சொல்லிவந்த ரகசிய உரை ஒன்று இருந்தது. அன்றைக்கு அதை முழுதாக அறிந்தவர் ஹொசோகாவா யூசாய், வயதான போர்வீரர். அவரிடம் தொஷிஹிதோ பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோதே 1600ஆம் ஆண்டுப் போர் வந்துவிட்டது. தாங்கோ என்ற மாகாணத்தில் தானாபே கோட்டையில் யூசாய் சுமார் 500 பேரோடு அடைபட்டார். வெளியே 15,000 பேர். உரை அவரோடு அழிந்துவிடுமே என்று தொஷிஹிதோ கோட்டைக்குள் ஆள் அனுப்பிச் சமாதானத்துக்கு வரச் சொன்னார். யூசாய் மறுத்துவிட்டார். ஆனால் உரைச் சுவடிகள் இருந்த பெட்டியை அந்த ஆளிடம் கொடுத்தனுப்பினார். கடைசியில் பேரரசரே தூதர்களை அனுப்பி முற்றுகையை விலக்கினார். ஒரு பாட்டுப் புத்தகத்தின் உரைக்காக ஒரு படை விலகிப்போனது. அப்போது தொஷிஹிதோவுக்கு 21 வயது.

1615இல், அந்தப் போருக்குப் பிறகு நாட்டை ஆண்ட தோகுகாவா குடும்பத்தின் ஆட்சி அரசவைக்கு ஒரு சட்டம் போட்டது. பேரரசருக்கு முதல் கடமை கல்வி என்றது அது. அரசியலில் தலையிடாதே என்பதற்கு மரியாதையான சொல். ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் தொஷிஹிதோ கட்சுரா ஆற்றின் மேற்குக் கரையில் தோட்டத்தைத் தொடங்குகிறார். கட்சுரா என்ற பெயரிலேயே நிலா இருக்கிறது. நிலாவுக்குள் ஒரு கட்சுரா மரம் நிற்கிறது என்பது சீனத்திலிருந்து வந்த கதை. 'கெஞ்ஜியின் கதை' என்ற ஜப்பானின் பழைய புதினத்தில் வரும் நாயகனுக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு மாளிகை உண்டு. தெரிந்தேதான் இடத்தைப் பிடித்திருக்கிறார்.

1629இல் அவர் இறந்தபோது மகன் தொஷிதாதாவுக்குப் பத்து வயது. இடம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. மகன் வளர்ந்து, காகா மாகாணத்தின் செல்வந்தப் பிரபுவான மாஎதா வீட்டில் பெண் எடுத்த பிறகு 1640களில் திரும்பச் செப்பனிட்டு விரிவாக்கினார். கோமிசுனோவை வரவேற்கத்தான் புதிய மாளிகை எழுந்தது என்று சொல்வார்கள். 1881இல் அந்த வம்சம் முடிந்தது, இரண்டு வருடம் கழித்து அரச குடும்பத்துச் சொத்தானது.

வைகைக்கரை, குளத்தில் கூழாங்கல் திட்டுக்கு அப்பால் பைன் மரங்களோடு சின்னத் தீவுகள் தெரியும். அமனோஹஷிதாதே என்ற கடற்கரைத் திட்டின் சிறு வடிவம் என்பார்கள். அந்தக் கடற்கரை இருப்பது தாங்கோவில். தொஷிஹிதோவின் மனைவி அந்த மாகாணப் பிரபுவின் மகள். யூசாய் அடைபட்ட கோட்டையும் அங்கேதான். அந்தத் திட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டும் சேர்ந்து நினைவுக்கு வரும்.

வைகைக்கரை · நவம்பர் 4, காலை 6.50

ஏடுதேடி ஐயா, இதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பெட்டியைக் கொடுத்தனுப்பிய இடத்தில் இன்னொரு தடவை படி என்றார். போகிறோம். ரத்து செய்யும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

மல்லிகைப்பந்தல் · நவம்பர் 4, மாலை 4.30

நல்ல முடிவு. தோட்ட வேலை பார்ப்பவள் நான், எனக்குத் தெரிந்த இரண்டு விஷயம்.

உள்ளே போகும் முன்பே ஆற்றோரச் சாலையில் ஒரு வேலியைப் பார்ப்பீர்கள். மூங்கில் இலை அடர்ந்த பச்சைச் சுவர் போல இருக்கும். கிட்டே போய்ப் பாருங்கள். வெட்டிய மூங்கிலே இல்லை. உள்ளே தோப்பில் வேரோடு நிற்கும் மூங்கிலைத் தலையோடு வளைத்து வெளிப்பக்கம் இறக்கி, இலைக் கொப்புகளைப் பின்னிக் கட்டியிருக்கிறார்கள். வேலி உயிரோடு இருக்கிறது. வளைத்த மூங்கில் முதிர்ந்து காய்ந்தால் அடுத்ததை வளைக்கவேண்டும். ஆறு பெருகி வந்தால் அந்தத் தோப்பு தண்ணீரின் வேகத்தைத் தணித்து வண்டலையும் குப்பையையும் வெளியிலேயே பிடித்து நிறுத்தும். நான் முதல் தடவை போனபோது நுழைவு நேரத்தை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

இரண்டாவது, உள்ளே வெளித் திண்ணைக்கு எதிரில் சைகஸ் செடிகள் ஒரு மேடு நிறைய நிற்கும். நம்மூரில் வீட்டு வாசல் தொட்டியில் வைக்கிறோமே, அதேதான். தெற்கே சத்சுமாவை ஆண்ட ஷிமாசு குடும்பம் கொடுத்தது என்று சொல்வார்கள். கியோட்டோ குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் குளிர்காலத்தில் ஒவ்வொரு செடிக்கும் வைக்கோல் சுற்றிக் கட்டிவிடுவார்கள். ஒரு தென்னாட்டுச் செடியை நானூறு வருடமாக வைக்கோல் போர்த்திக் காப்பாற்றுவது என்றால் சும்மா இல்லை.

நவம்பரில் பலரும் மேப்பிள் சிவப்பை மட்டும் பார்த்துவிட்டு வருவார்கள். நீங்கள் பாசியையும் பாருங்கள்.

வைகைக்கரை · நவம்பர் 23, இரவு 10.05

ஊர் திரும்பிவிட்டோம். எல்லாருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மல்லிகைப்பந்தல் அக்கா சொன்ன வேலியில் தொடங்கினோம். அப்பா ஒரு மூங்கிலை மேலிருந்து கீழாக விரலால் தொடர்ந்து போய், அது வேருக்குப் போகிறது என்று உறுதி செய்துகொண்டுதான் நகர்ந்தார்.

உள்ளே நுழைந்ததும் குளம் தெரியும் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் செடிவேலி வைத்த ஒரு சிறிய முனை, அதன் நுனியில் ஒரு பைன் மரம். மரத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் துண்டு துண்டாக மின்னுகிறது, குளம் தெரியவில்லை. அந்த மரத்துக்குத் திரைப் பைன் என்றே பெயராம். முழுசாகக் காட்டக்கூடாது என்பதற்காகவே நட்ட மரம்.

பிறகு ஓலைக்கூரை வாசல், அதன் தூண்கள் பட்டை உரிக்காத மரம். அதற்கு அப்பால் ஒரு பாதை. விரல் நகத்திலிருந்து கோலிக்குண்டு அளவு வரை கறுப்புச் சிறு கற்களை நெருக்கமாகப் பதித்திருக்கிறார்கள். ஆலங்கட்டி சிதறியது போல என்று அதற்குப் பெயர் சொன்னார் வழிகாட்டி. எவ்வளவு பொருத்தமான பெயர். அப்பா குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கல் ஒவ்வொன்றும் தட்டையான முகத்தை மேலே வைத்துப் பதித்தது. "நடுவுல லேசா ஒசத்தியிருக்கான் பாரு, மழத்தண்ணி ரெண்டு பக்கமும் வடியும்" என்றார். நான் பார்க்கவே இல்லை. அவர் சொன்ன பிறகு அந்தப் பாதை வேறு பாதையாகத் தெரிந்தது.

ஒசாகாவாசி அண்ணா சொன்ன கல் விஷயம் உண்மை. அப்பாவின் காலையும் என் காலையும் பார்த்துக்கொண்டே நடந்தேன், சுற்றிலும் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரு அகலமான கல்லில் அப்பா மூச்சு வாங்க நின்றார். நானும் நிமிர்ந்தேன். கறுப்புக் கூழாங்கல் நாக்கு மாதிரி தண்ணீருக்குள் நீண்டிருந்தது. நுனியில் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கல்விளக்கு, கலங்கரை விளக்கம் போல. அதற்கு அப்பால் பைன் மரத் தீவுகள், அதற்கும் அப்பால் ஷோகின்தெய்யின் ஓலைக்கூரை. அப்பா "தாங்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நீலக் கட்டத்தைப் பற்றித் தச்சன்மகன் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போனேன், ஆனாலும் தயாராக இல்லை. ஓலைக்கூரைக்குக் கீழே இருட்டான அறை, உள்ளே அந்த நீலம். இளவரசர் காலத்துத் தாளா என்று கேட்டேன். தாளை மாற்றுவார்கள், கட்டம் பழையது என்றார் வழிகாட்டி.

கடைசியில் பெரிய மாளிகை. அப்பா பார்த்த படம். மூன்று கட்டடமும் ஒன்றுக்குப் பின் ஒன்று ஒதுங்கி, வாத்துக் கூட்டம் பறப்பது போலச் சாய்வரிசையில் நிற்கின்றன. மூங்கில் மேடையும் இருந்தது. ஐம்பது வருடமாக மனதில் வைத்திருந்த இடம். அவர் போன் எடுப்பார், படம் பிடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் பார்த்தது கீழ்ப்பக்கத்தை. தரையிலிருந்து வீட்டின் தளம் எவ்வளவு உயரம் என்று கையாலேயே அளந்துகொண்டிருந்தார். "ஆத்தங்கரை. வெள்ளம் வரும்னு தெரிஞ்சு தூக்கிக் கட்டியிருக்கான். படத்துல இது ஒரு அழகுக்குன்னு நெனச்சேன்." வழிகாட்டியிடம் கேட்டேன். ஆமாம், வெள்ளத்துக்காகத்தான் என்றார். அப்பாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

உள்ளே விடவில்லை என்பது ஒரு குறையாகவே தோன்றவில்லை. மேடையின் ஓரத்தில், வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு குளத்தைப் பார்த்தோம். புரட்டாசி வாக்கில் வரும் முழுநிலா எழும் திசையைப் பார்த்து அமைத்த மேடை அது. அன்றைக்குப் பகல், வெயில். இரவில் அந்தத் தண்ணீரில் நிலா எங்கே விழும் என்று அப்பா கை நீட்டிக் காட்டினார்.

நெடுவழி சொன்ன மூச்சுமுட்டல் எனக்கும் ஒரு இடத்தில் வந்தது, மறைக்கவில்லை. மிதிகல் ஒரு பக்கம் திரும்புகிறது, இன்னொரு பக்கத்தில் இன்னும் அழகான வழி. அதில் கறுப்புக் கயிறு கட்டிய ஒரு சின்னக் கல் உட்கார்ந்திருக்கிறது. அது என்ன?

ஒசாகாவாசி · நவம்பர் 23, இரவு 10.40

படித்து முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம்.

அந்தக் கல்லின் பெயர் செகிமோரி இஷி, காவல் கல். தேநீர்த் தோட்டங்களில் எல்லாம் வைப்பார்கள். இந்த வழி இன்று இல்லை என்று அர்த்தம். பூட்டும் இல்லை, பலகையும் இல்லை. தாண்டிப்போக நினைத்தால் ஒரு குழந்தையால்கூட முடியும். யாரும் தாண்டுவதில்லை.

தச்சன்மகன் · நவம்பர் 24, காலை 9.10

வெள்ள உயரம் பற்றி வகுப்பில் படித்திருக்கிறேன், தேர்விலும் எழுதியிருக்கிறேன். ஆனால் படத்தில் அழகு என்று நினைத்ததை நேரில் காரணம் என்று கண்டுகொண்ட அந்த நொடி எனக்கு வாய்க்கவில்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை கீழே பார்ப்பேன். அப்பாவிடம் சொல்லுங்கள்.

நெடுவழி · நவம்பர் 24, காலை 11.35

ஷுகாகுயின் பற்றிய என் எண்ணம் மாறவில்லை. ஆனால் நான் கட்சுராவில் குளத்தைத் தேடிக்கொண்டே நடந்தேன் என்பது இப்போது புரிகிறது. பாதையை ஒரு தடவைகூடக் கையால் தொடவில்லை. வசந்த காலத்தில் வேலையாக ஒசாகா போகவேண்டியிருக்கிறது, மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் நாளைக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று, கைப்பிடி இல்லாத அந்தக் கல் பாலத்தை அப்பா எப்படிக் கடந்தார்? அதை எழுதவே இல்லையே.

வைகைக்கரை · நவம்பர் 24, இரவு 8.20

எழுத விட்டுவிட்டேன், மன்னிக்கவும். குழு முழுவதும் கடந்துவிட்டது. நாங்கள் இருவரும் காவலரும் மட்டும் இந்தப் பக்கம். நான் கையைப் பிடிக்கப் போனேன், கல்லின் அகலம் ஒருவருக்குத்தான். அப்பா வேண்டாம் என்றார். குளத்தைப் பார்த்தபடி பக்கவாட்டாகத் திரும்பி நின்று, வலது காலை நகர்த்துவது, இடது காலை அதனோடு சேர்ப்பது, மறுபடி வலது கால். காவலர் எங்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பாதியில் அப்பா நின்றார். கால் வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்லம்மா, இங்கேருந்து அந்த வெளக்கு நல்லாத் தெரியுது, நீயும் வந்து பாரு" என்றார்.